டெவலப்பரைக் காற்றிலிருந்து காப்பாற்றிய நான்கு வருட அனுபவம்

நான்கு வருடமாக வீட்டில் கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிறேன், ஃபிலிமில் படத்தைத் தெரியவைக்கும் ரசாயனக் கரைசலான டெவலப்பர், எனக்கு டி-76 என்ற பொடியைக் கரைத்ததுதான். மாதத்துக்கு ஒரு ரோல், சில மாதம் அதுவும் இல்லை. ஒரு லிட்டர் கரைத்தால் கடைசிக் கால் லிட்டரைத் தொடுவதற்குள் நாலைந்து மாதம் ஓடிவிடும், அதற்குள் பாட்டிலில் உள்ள காற்று பட்டே கரைசல் வீரியம் இழந்துவிடும், பிரச்சினையே அதுதான்.

முதல் வருடம் மடிப்பு மடிப்பாக அமுங்கும் பிளாஸ்டிக் பாட்டிலை நம்பினேன். கரைசல் குறையக் குறைய அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடலாம் என்றார்கள். ஆனால் மறுநாளே பாட்டில் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், மடிப்புக்குள் குமிழ்கள் தங்கும், போதாததற்கு அந்த மெல்லிய பாலிஎத்திலீன் வழியாகவே ஆக்ஸிஜன் உள்ளே நுழையும். தங்கை கல்யாணத்தில் எடுத்த ரோலை அதில் இருந்ததை ஊற்றித்தான் கழுவினேன். நெகடிவ் முழுக்க வெளிறிப்போய் வந்தது, ஃபிலிம் ஓரத்து எண்கள்கூட மங்கல். அந்த எண்கள் கம்பெனியிலேயே பதிவானவை, அவையும் மங்கினால் தப்பு கேமராவில் இல்லை, டெவலப்பரில்தான். அந்தப் படங்களை மறுபடி எடுக்க முடியாது, இன்றும் மனசு ஆறவில்லை.

1927ல் வந்த இந்த டெவலப்பரின் கணக்கு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம். அந்த சல்ஃபைட்தான் காவல்காரன், ஆக்ஸிஜனைத் தான் வாங்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். ஆனால் பாதி காலியான பாட்டிலைத் திரும்பத் திரும்பத் திறந்தால் எத்தனை நாள் தாங்கும்? நிரம்பிய பாட்டிலில் ஆறு மாதம், பாதி பாட்டிலில் இரண்டு மாதம் என்று இதை உருவாக்கிய கோடாக் கம்பெனியே சொல்கிறது.

அப்புறம்தான் பழுப்புக் கண்ணாடி பாட்டிலுக்கு மாறினேன், மருந்து சிரப் வருமே அதே மாதிரி, 250 மில்லி, நான்கு. கரைத்த அன்றே நான்கிலும் கழுத்துவரை ஊற்றி, மேலே மிஞ்சும் கொஞ்ச இடத்துக்குக் கழுவிய கோலிக்குண்டு ஒன்றிரண்டு போட்டு, கரைசல் விளிம்பைத் தொடும்போது இறுக்கி மூடித் தேதி ஒட்டிவிடுவேன். ஒரு ரோலுக்கு ஒரு பாட்டில், சம அளவு தண்ணீர் சேர்த்துக் கழுவிவிட்டுக் கொட்டிவிட வேண்டும், மிச்சம் வைக்கும் பேச்சே இல்லை. ஒரு லிட்டர் பாட்டிலிலேயே கோலி போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள், கால் லிட்டர் இடத்தை அடைக்க நூறு கோலிக்கு மேல் வேண்டும், அவ்வளவையும் யார் கழுவுவது? லைட்டர் கேஸ் அடித்து மேலே உள்ள காற்றைத் தள்ளும் முறையும் வேலை செய்யும், ஆனால் அது தீப்பற்றும் வாயு, மூடிய சின்ன அறையில் எனக்கு அது வேண்டாம்.

கரைக்கும்போதும் கவனம் வேண்டும். கொதித்து 50 டிகிரிக்கு ஆறிய தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, அதில் நுரை வராமல் மெதுவாகக் கலக்குவேன், குலுக்கவே மாட்டேன். ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், அடியில் படிகம் கட்டியது, இப்போது வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியின் கீழ்த்தட்டுதான் இடம். சந்தேகம் வந்தால் ஃபிலிம் நுனியில் ஒரு துண்டு வெட்டி வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போட்டு, கருக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ரோலை இறக்குவேன். புதுக் கரைசலில் ஆன நேரம் லேபிளிலேயே எழுதியிருக்கும்.

போன வாரம் திறந்தது ஐந்து மாதப் பாட்டில். கரைசல் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது, காயப்போட்ட ரோலில் ஓரத்து எண்கள் அடர்கருப்பு.