ஆரி வேர்க் இலவசமாகப் படிப்பிக்கிற குறூப்பில் இருக்கிறீர்களா? காசு கட்ட முன்னம் இதை வாசியுங்கள்

ஆரி வேர்க் இலவசமாகச் சொல்லித் தருகிறோம் என்று ஒரு வாட்ஸ்அப் குறூப் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண்களின் போனெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பிரயோசனமில்லை, பெயரையும் படத்தையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். இலவசக் குறூப்பில் இருந்து ‘பிரீமியம்’ குறூப்புக்குப் போக 6,500 ரூபா, ‘கிட்’ என்று இன்னொரு 4,800 ரூபா. கட்டியவர்களில் நானும் ஒருத்தி, என் மச்சாளும் ஒருத்தி. விசுவமடு, தருமபுரம், ஒட்டுசுட்டான் என்று தேடிப் பார்த்தால் இன்னும் பலர் இருக்கிறார்கள். எங்களுக்கு நடந்ததை விவரமாக எழுதுகிறேன், உங்களுக்கு வந்த லிங்க்கும் இதே மாதிரியானதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நுனியில் கொக்கி வைத்த ஊசியால் சாறி பிளவுஸின் கழுத்திலும் கையிலும் நூல், மணி, ஜர்தோசி என்கிற சரிகைச் சுருள் வைத்துச் செய்கிற வேலை அது. சும்மா பிளவுஸ் தைத்தால் வருகிற கூலி எவ்வளவு என்று தையல்காரிகளுக்குத் தெரியும். அதே பிளவுஸின் கழுத்தைச் சுற்றி ஆரி போட்டுவிட்டால் கூலி பல மடங்கு. கலியாணம், சாமத்தியச் சடங்கு என்றால் எங்கள் சனம் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ கொண்டுபோய்க் கொடுத்துத்தான் செய்விக்கிறது. காலை காமெண்ட்ஸ் பஸ்ஸுக்கு ஓட முடியாத, கைப்பிள்ளை வைத்திருக்கிற பெண்ணுக்கு, ‘இதை வீட்டில் இருந்தே நான் செய்தால் என்ன’ என்று தோன்றாமல் இருக்குமா?

அந்த நினைப்பு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு லிங்க் வரத் தொடங்கியது. ‘ஆடியில் படியுங்கள், ஆவணிக் கலியாணங்களுக்கு ஓடர் எடுங்கள்’ என்று போஸ்டர். ஆடியில் கலியாணம் இல்லை, தையல் மெசின் சும்மா கிடக்கும், கையில் நேரம் இருக்கும். ஆள் சேர்க்க அதைவிடத் தோதான மாதம் கிடையாது.

இலவச வகுப்பைக் குறை சொல்லமாட்டேன். நன்றாகவே இருந்தது. ஃபிரேமில் துணி பறை மாதிரி விறைப்பாக நிற்க எப்படி மாட்டுவது, இடது கையால் துணிக்குக் கீழே நூலைப் பிடிப்பது, வலது கையால் ஊசியைக் குத்தி, ஒரு சுழற்றுச் சுழற்றி, கொக்கியில் நூலை மாட்டி மேலே எடுப்பது என்று மெதுவாகக் காட்டினார்கள். சங்கிலித் தையல் வந்துவிட்டது. மச்சாள் பழைய துணியில் ஒரு மாங்காய் டிசைன் முழுக்கப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். ‘சூப்பர் தங்கச்சி, உங்களுக்குக் கை இருக்கு’ என்று அட்மின் வொய்ஸ் போட்டார்.

ஆனால் கடைசி முடிச்சை மட்டும் சொல்லித் தரவில்லை. சங்கிலித் தையலைப் பழகியவர்களுக்கு இது விளங்கும். கடைசிக் கண்ணியை முடிச்சுப் போட்டுப் பூட்டாவிட்டால், நுனியைப் பிடித்து இழுத்த உடனே வரிசை முழுதும் சரசரவென்று கழன்றுவிடும். மச்சாளின் மாங்காய் துணியை ஃபிரேமில் இருந்து எடுக்கும்போதே போய்விட்டது. எப்படிப் பூட்டுவது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: ‘அது பிரீமியத்தில் முதல் பாடம்.’ ஐந்து நிமிட வேலை அது. எந்த இடத்தில் நிறுத்தினால் நாங்கள் காசோடு வருவோம் என்று கணக்குப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அப்புறம் நாளுக்கு நாள் ‘பிரீமியம் அக்காமாரின்’ புகழ்ச்சி. ஒருவருக்கு முதல் மாதமே ஓடர் வந்ததாம். இன்னொருவர் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கினாராம். இதையெல்லாம் அட்மின்தான் ஸ்கிரீன்ஷொட்டாகப் போடுவார், சொன்னவரின் நம்பர் இருக்காது. இந்த இடத்தில் வாட்ஸ்அப் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணக் குறூப்பில் உறுப்பினர்களின் நம்பர் எல்லோருக்கும் தெரியும், விரும்பினால் தனியாக எழுதிக் கேட்கலாம். 2022இல் ‘கம்யூனிட்டி’ என்று ஒன்று வந்தது. அதன் அறிவிப்புக் குறூப்பில் அட்மின் மட்டும்தான் எழுதலாம். மற்ற உறுப்பினர்களின் நம்பர் உங்களுக்கும் தெரியாது, உங்களுடையது அவர்களுக்கும் தெரியாது. பள்ளிக்கூடம், கோயில் சபை போன்றவற்றுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் காசு வாங்குகிறவர் கையில் அது கிடைத்தால், நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே இடத்தில் இருந்தும் ஒருத்தியோடு ஒருத்தி கதைக்க முடியாது. கேள்வி கேட்பதற்கென்று வைத்திருந்த சின்னக் குறூப்பில் ஒரு பிள்ளை ‘கட்டின ஆக்கள் யாராவது இருக்கிறீங்களா, எப்படி இருக்கு?’ என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வியையும் காணோம், பிள்ளையையும் காணோம். மற்றவர் போட்ட செய்தியை அட்மின் எல்லோருடைய போனில் இருந்தும் அழிக்கலாம், தெரியுமல்லவா?

சரி, காசு கட்டி உள்ளே போனோம். முதல் பாடம் சொன்னபடி முடிச்சு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தமிழ்நாட்டுப் பெண்கள் யூடியூப்பில் போட்ட வீடியோக்கள். மேல் மூலையில் இருந்த பெயரை ஒரு பூப்படத்தால் மறைத்திருந்தார்கள். சத்தத்தை மறைக்க மறந்துவிட்டார்கள் போல. ஜர்தோசியைத் துண்டு துண்டாக வெட்டிக் கோர்ப்பதைக் காட்டிக்கொண்டே அந்த அம்மா, ‘சேலத்துல இருக்கிறவங்க நேரா நம்ம கடைக்கே வந்து வாங்கிக்கலாம்’ என்கிறார். நானும் மச்சாளும் சிரித்துவிட்டோம். பிறகு தேடிப் பார்த்தால் அதே வீடியோ முழுதாக, தெளிவாக, ஒரு சதமும் கேட்காமல் யூடியூப்பில் இருக்கிறது. பாவம் அந்தச் சேலத்து அம்மா. அவருடைய பாடத்தை இங்கே வன்னியில் யாரோ விற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவே போவதில்லை.

கிட் கூரியரில் வந்தது. ஃபிரேம் வளையம் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தாததால் துணி ஒரு பக்கம் தொய்ந்து நின்றது. பட்டு நூல் என்று எழுதியிருந்த நூல் தண்ணீர் பட்டதும் சிவப்புச் சாயம் விட்டது. வாடிக்கையாளரின் கிறீம் கலர் சாறித் துணியில் இப்படி நடந்தால் யார் பதில் சொல்வது? ஊசியைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கொக்கியின் உட்பக்கம் தேய்த்து வழுவழுப்பாக்கப்படவில்லை. விரல் நுனியால் தடவினால் கரகரவென்று இருக்கும். நூலை இழுக்கும்போது அந்தக் கரகரப்பில் நூலின் இழைகள் பிரிந்து பிசிறு கட்டியது. இதைப் பார்த்துத் தங்களுக்குக் கை வரவில்லை என்று நினைத்தே சில பெண்கள் விட்டுவிட்டிருக்கிறார்கள். கையில் ஒரு பிழையும் இல்லை, பிழை ஊசியில்.

ஓடருக்கு வருவோம். துணியும் டிசைனும் நாங்கள் தருகிறோம், நீங்கள் போட்டுத் தந்தால் கூலி தருகிறோம் என்றுதான் பிரீமியத்துக்கு ஆள் சேர்த்தார்கள். உள்ளே போன பிறகு கேட்டால், ‘துணிக்கு முற்பணம் கட்டினால் அனுப்புவோம்’ என்றார்கள். அதற்கும் யாராவது தயங்கினால் அடுத்த வழி தயாராக இருந்தது. மூன்று பேரைப் பிரீமியத்துக்குக் கொண்டுவந்தால் நீங்கள் ‘லீடர்’, கட்டின காசு திரும்ப வரும், அதற்கு மேலே வருகிற ஒவ்வொருவருக்கும் பங்கு. இது வந்தவுடனேயே நான் நின்றுவிட்டேன். பொருள் விற்றோ வேலை செய்தோ வராமல் ஆள் சேர்த்து வருகிற வருமானம் பிரமிட் திட்டத்தின் குணம். பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை, மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிற விஷயம். அதை நடத்துகிறவர் மட்டுமல்ல, மற்றவரைச் சேர்த்துவிட்டவரும் மாட்டலாம். ஊரில் அது இன்னும் மோசம். சேர்த்துவிட்டவள் சொந்தக்காரியாகத்தான் இருப்பாள், நாளைக்குக் கோயிலில் முகம் பார்க்க வேண்டும்.

இங்கே பெண்கள் கையில் இருக்கிற காசு எப்படி வந்த காசு என்று வன்னிக்கு வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். வறட்சியால் அடிபட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வோம் என்று 2018இல் அரசாங்கமே அறிவிக்கிற நிலைமைக்கு வந்த இடம் இது. ‘சீட்டுக் காசை எடுத்துக் கட்டினேன் அக்கா’ என்று ஒட்டுசுட்டான் பிள்ளை ஒருத்தி சொன்னாள். 11,300 ரூபா சிலருக்குச் சின்னக் காசு. அவளுக்கு இல்லை.

காசைத் திருப்பிக் கேட்டபோது அட்மின் மிகவும் மரியாதையாகத்தான் கதைத்தார். ‘பாருங்கோ அக்கா, வீடியோ பார்த்துவிட்டீங்கள், இனி எப்படித் திருப்புவது?’ ஊசியைப் பற்றிப் படம் அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் இல்லை. அடுத்த நாள் பிரீமியம் குறூப்பில் நான் இல்லை. அந்தக் குறூப்பில் செய்திகள் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள், 24 மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். காசு கட்டுகிற வங்கிக் கணக்கும் அட்மினின் பெயரில் இல்லை, வேறொருவர் பெயரில் இருந்தது. என்னிடம் மிஞ்சியது கட்டின ஸ்லிப்பும், நல்ல காலம், மச்சாள் எடுத்துவைத்த சில ஸ்கிரீன்ஷொட்டுகளும்தான்.

இலவசமாகக் கொஞ்சம் காட்டிவிட்டு மிச்சத்துக்குக் காசு கேட்பதே கள்ளம் என்று நான் சொல்லவில்லை. வவுனியாவில் ஓர் அக்கா அப்படித்தான் நடத்துகிறார். அவருடைய குறூப்பில் பழைய மாணவிகள் வாய் திறந்து கதைக்கிறார்கள், ‘அக்கா இந்தப் பாடம் விளங்கவில்லை’ என்று முகத்துக்கு நேரே குறை சொல்கிறார்கள், அவரும் அழிக்காமல் பதில் எழுதுகிறார். காசுக்கு ரசீது தருகிறார். படிப்பிக்கிற கை அவருடைய கை. அவரிடம் கட்டுகிற காசுக்கு எனக்கு மனக்குறை வராது. ஆகவே எந்தக் குறூப்பாக இருந்தாலும், கட்ட முன்னம் ஏற்கனவே கட்டிய ஒருவரோடு, அட்மின் இல்லாமல், நேராகக் கதைக்க விடுகிறார்களா என்று பாருங்கள். விடாவிட்டால் வேறு ஒன்றும் விசாரிக்கத் தேவையில்லை.

‘அரச அங்கீகாரச் சான்றிதழ்’ என்று போஸ்டரில் போட்டிருப்பதையும் நம்பாதீர்கள். எங்களுக்கு வந்தது பெயர் அடித்த ஒரு பிடிஎஃப். தேசிய தொழிற்தகைமை, அதாவது என்விகியூ என்றால் மதிப்பீட்டாளர் ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்துத்தான் தருவார். படிப்பிக்கிற நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும், அதை அங்கேயே விசாரிக்கலாம். தையல் படிக்க விருப்பமானவர்கள் முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் கேட்கலாம். ஆரி அங்கே இல்லாவிட்டாலும், வெட்டும் தையலும் ஒழுங்காக வந்தால் ஆரி பழகுவது பாதி லேசு.

ஏற்கனவே கட்டியவர்களுக்கு: குறூப்பில் இருந்து நீங்களாக வெளியேறாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், வொய்ஸ்களை வேறு போனுக்கு அனுப்பி வையுங்கள், ஸ்லிப்பையும் கூரியர் பையையும் எறியாதீர்கள். அனுப்பியவரின் விலாசம் சிலவேளை பையில் இருக்கும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து வழி கேட்கலாம். ஆனால் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், பொருளையோ சேவையையோ பெற்று மூன்று மாதத்துக்குள். அந்தக் கெடு பலருக்குத் தெரியாது, அவர்கள் இழுத்தடிப்பதற்கும் அதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். பொலிசிலும் ஒரு முறைப்பாடு போடுங்கள்.

எங்களில் சிலர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுக்கப் போகிறோம். மூன்று மாதம் தாண்டாத ஸ்லிப் வைத்திருக்கிறவர்கள் எனக்குத் தனியே எழுதுங்கள். உங்கள் பெயர் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கேற்ற மாதிரிப் பார்த்துச் செய்வோம்.