எனக்க ஓநாய் எல்லாம் எங்க போச்சு? 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்

பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிப் புத்தகம், 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குழுவில் ட்ரூயிட் (காட்டு மந்திரம் போடும் பாத்திரம்) ஆடுகிற ஆள் இருந்தால் வாங்குங்கள், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரின், அதாவது டிஎம்மின், பாதித் தலைவலி போகும். வேற்றுலகத்திலிருந்து எதையாவது வரவழைத்து அதோடு மல்லுக்கட்டுவதில்தான் ருசி என்கிற ஆளாக இருந்தால், பழைய 2014 புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் இங்கே எழுதப்போவது அழைப்பு மந்திரங்களையும் உலகம் தாண்டும் மந்திரங்களையும் பற்றி மட்டும்தான். மற்றதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

384 பக்கம், கெட்டி அட்டை, விலை 50 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. நாகர்கோவிலில் தேடிக் கிடைக்காமல் ஆன்லைனில் வாங்கினேன். கூரியரில் ஒரு மூலை நசுங்கி வந்தது. சரி, உள்ளே பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய சிக்கலைச் சொன்னால்தான் புதியது புரியும். 2014 புத்தகத்தில் கான்ஜூர் அனிமல்ஸ் என்ற மூன்றாம் லெவல் மந்திரத்தைப் போட்டால் வலுவான ஒரு மிருகம் வரும், இல்லையென்றால் வலு குறையக் குறைய இரண்டு, நான்கு, எட்டு என்று வரும். எல்லாரும் எட்டைத்தான் கேட்பார்கள். எங்கள் ட்ரூயிட் ஒரு குளச்சல் பையன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தக்கலையில் என் வீட்டு மாடியில் எல்லாரும் கூடியதும், முதல் சண்டையிலேயே எட்டு ஓநாயை இறக்கிவிடுவான். ஓநாய் கடிக்கப்போகும் எதிரிக்குப் பக்கத்தில் அதன் கூட்டாளி நின்றால் இருபதுமுகப் பகடையை இரண்டு தரம் உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஆக ஒரு சுற்றுக்குப் பதினாறு உருட்டல். பட்ட கடிக்கெல்லாம் சேதக் கணக்கு வேறு. கடி வாங்கியவன் கீழே விழுந்தானா என்று நான் ஒவ்வொன்றுக்கும் தனியாக உருட்ட வேண்டும். அவன் முறை முடிவதற்குள் மற்றவர்கள் கீழே போய் ரசவடையும் சுக்குக்காப்பியும் முடித்துவிட்டு வந்துவிடுவார்கள். "லே மக்கா, ஒனக்க ஓநாய்க்கு ஒரு விடிவு காலம் இல்லியா?" என்று சார் கேட்பார். சார் எங்கள் குழுவின் மந்திரவாதி, வெளியே பிசிக்ஸ் வாத்தியார்.

புதிய புத்தகம் இதை ஒரே வெட்டாக வெட்டிவிட்டது. இப்போது அதே மந்திரத்தில் வருவது ஆவி போன்ற ஒரு மிருகக் கூட்டம். அதற்கு உயிர்ப் புள்ளி கிடையாது, தனி முறை கிடையாது. நீங்கள் நகரும்போது அதையும் 30 அடி நகர்த்தலாம். பத்தடிக்குள் சிக்கியவர்கள் தப்பிக்கும் உருட்டலில் தோற்றால் பத்துமுகப் பகடை மூன்று அளவுக்குச் சேதம். அவ்வளவுதான், அடுத்த ஆள். பையன் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "அக்கா, அப்ப எனக்க ஓநாய் எல்லாம் எங்க போச்சு?" என்றான். நியாயமான கேள்வி. ஆனாலும் டிஎம் என்ற முறையில் எனக்குப் புதியதுதான் வேண்டும்.

இதையே கான்ஜூர் என்று தொடங்கும் மற்ற மந்திரங்களுக்கும் செய்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கான்ஜூர் செலஸ்டியல் ஏழாம் லெவல் மந்திரம். முன்பு வானுலகத்திலிருந்து ஒரு ஜீவன் வரும், அதோடு பேசலாம், அது முகம் சுளிக்கும். இப்போது ஒரு ஒளித்தூண் வருகிறது. நம் ஆள் அதற்குள் நின்றால் காயம் ஆறும், எதிரி நின்றால் பொசுங்குவான். தூணிடம் என்ன பேசுவது? கான்ஜூர் எலிமெண்டலிலோ பழைய பயமே போய்விட்டது. முன்பு அடிபட்டுக் கவனம் சிதறினால் வரவழைத்த பூதம் அடங்காமல் நம் மேலேயே பாயும், விரட்டவும் முடியாது. அந்த ஒரு வரிக்காகவே யோசித்துப் போடுவார்கள். இப்போது பேசாமல் மறைந்துவிடுகிறது. கான்ஜூர் மைனர் எலிமெண்டல்ஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: முதல் அச்சில், மேல் லெவலில் போட்டால் லெவலுக்கு எட்டுமுகப் பகடை இரண்டு அளவுக்குச் சேதம் கூடும். அது அளவுக்கு மீறிப் போனதால் பிறகு திருத்தத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள்.

நடுவழி ஒன்று இருக்கிறது: சம்மன் என்று தொடங்கும் மந்திரங்கள். 2020இல் வேறொரு புத்தகத்தில் வந்தவை, பெரும்பாலானவற்றை இதில் சேர்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஜீவன்தான் வரும். அதன் பலம் நீங்கள் செலவழிக்கும் லெவலைப் பொறுத்து ஏறும். சம்மன் பீஸ்டுக்கு 200 பொன் மதிப்புள்ள, பொன் பூசிய கொட்டை ஒன்று வேண்டும், ஆனால் செலவாகாது. பையனை இதில்தான் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன்.

உலகம் தாண்டும் மந்திரங்களில் அதிகம் கை வைக்கவில்லை, அதற்கு ஒரு கும்பிடு. பிளேன் ஷிப்டுக்கு 250 பொன் மதிப்பில் கவை வடிவ உலோகக் கம்பி வேண்டும், அதுவும் போகிற உலகத்துக்கென்றே சுருதி சேர்த்தது. கூட வருகிறவர்கள் எட்டுப் பேர் வரை, கைகோர்த்து வட்டமாக நிற்க வேண்டும். நாங்கள் நெருப்புலகத்தின் பித்தளை நகரத்துக்குப் போன அன்று சார் லேபிலிருந்து 512 என்று பொறித்த இசைக்கவையைக் கொண்டுவந்து, செருப்பு அடியில் தட்டி மேசையில் ஊன்றினார். மேசையே பாடியது. ஏத்தங்காய் சிப்ஸ் தின்ற ஒருத்தனின் எண்ணெய்க் கையைப் பிடிக்க மாட்டேன் என்று ஒருத்தி தகராறு செய்தாள். சரி, அவன் இங்கேயே நிற்கட்டும் என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள். போய்ச் சேரும் இடமும் கறாராகக் கிடையாது. ஊரைச் சொல்லலாம், அந்த ஊரில் எந்த மூலை என்பது டிஎம் கையில்.

பிளானர் பைண்டிங்கைக் கணக்குப் பிடித்தவர்கள் விரும்புவார்கள். வந்த ஜீவனை 24 மணி நேரம் வேலை வாங்கலாம், மேல் லெவலில் ஒரு வருடமும் ஒரு நாளும் வரை. போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும், 1,000 பொன் ரத்தினம் தீர்ந்துபோகும், அது தப்பித்தாலும் பணம் போனது போனதுதான். அதுவரை அதை நிறுத்திவைக்க, உள்ளே விடாமல் தடுக்கும் மேஜிக் சர்க்கிள் என்ற காவல் வட்டத்தை, வெளியே விடாதபடி தலைகீழாகப் போட வேண்டும். மூன்றாம் லெவலில் அந்த வட்டம் நிற்பதும் ஒரு மணி நேரம்தான்! வட்டத்தைப் போட்டு, ஆளை இழுத்து, பிறகு கட்ட ஆரம்பித்தால், கடைசி நிமிடத்தில் வட்டம் அணைந்து அது வெளியே வந்து நிற்கும். நான்காம் லெவலில் போட்டால் இரண்டு மணி நேரம். இன்னொன்று: நீண்ட நேரம் போடும் மந்திரத்துக்குக் கவனம் முழுக்க வேண்டும். சம்மனையும் கவனத்தால்தான் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதால் ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது. வேற்றுலகத்துக்கு வாசல் திறக்கும் ஒன்பதாம் லெவல் கேட் என்றால் அந்தத் தொல்லை இல்லை. 5,000 பொன் வைரம் காட்டி, உண்மைப் பெயரைச் சொன்னால் ஆள் வந்துவிடும், வாசல் மூடினாலும் இங்கேயே நிற்கும். பட்டப்பெயர் செல்லாது. எங்கள் ஊரில் பாதிப் பேரை இந்த மந்திரத்தால் இழுக்க முடியாது.

பிளானர் அல்லை என்ற மந்திரத்தை மட்டும் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. தெய்வத்திடம் கேட்டால் அது ஒரு தூதரை அனுப்பும். வந்தவர் கட்டுப்பட்டவர் இல்லை, கூலி பேச வேண்டும். நிமிடத்தில் முடிகிற வேலைக்கு நிமிடத்துக்கு 100 பொன், மணிக்கணக்கு என்றால் மணிக்கு 1,000, நாள்கணக்கு என்றால் நாளுக்கு 10,000. சுடலைமாடன் கொடையில் சாமி இறங்கி, படையலில் குறை சொல்லிக் கேட்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன புதுசு? காரியம் தூதருக்கே பிடித்ததாக இருந்தால் கூலி குறையும், சில சமயம் வேண்டாம் என்றும் விடுவார்.

மந்திரங்களை எல்லாம் அகரவரிசையில் கொட்டியிருப்பது ஒரு குறை. வட்டம் ஓரிடம், கட்டு ஓரிடம், வாசல் ஓரிடம். விரலால் மூன்று பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பகடை உருட்ட வேண்டியிருக்கிறது. வேற்றுலகங்களைப் பற்றிய விவரமும் இதில் சொற்பம், அதற்கு டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு தனியாக வாங்க வேண்டும்.

காசு போட யோசிப்பவர்களுக்கு: பழைய விதிகளின் அடிப்படைத் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டுவிட்டார்கள், இலவசம். புது விதிகளுக்கு 5.2 உண்டு, 2025இல் வந்தது. பழைய கான்ஜூர் எலிமெண்டல் 5.1இல் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துப் புதுப் புத்தகத்துக்குள் செருகியிருக்கிறேன். எங்கள் மேசையில் பூதம் வந்தால் அந்தத் தாள்தான் சட்டம்.