6 அங்குல மரச் சிப்பர்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மரக்கிளைகளைச் சீவித் தள்ளும் சிப்பரை விற்பவர் முதலில் சொல்வது அதன் வாய் எத்தனை அங்குலம் என்பதைத்தான். அதை வாங்கி ஒரு மாதம் ஓட்டியவருக்கோ அந்த எண்ணுக்கும் அன்றாட வேலைக்கும் உள்ள உறவு மிக மெல்லியது என்பது தெரிந்துவிடுகிறது. 6 அங்குல இயந்திரம் 6 அங்குல உருண்டைக் கட்டையை விழுங்கும் என்பது உண்மையே. ஆனால் மரத்திலிருந்து இறக்கப்படும் கிளைகளில் நேராகவும் உருண்டையாகவும் இருப்பவை எத்தனை? கவையும் கணுவும் பக்கக் கொப்புகளுமாக வரும் வெறும் 3 அங்குலக் கிளை ஊட்டுவாயில் குறுக்கே சிக்கி அசைய மறுக்கும்போதுதான் இயந்திரத்தின் தரம் வெளிப்படுகிறது. 14 மாதங்களில் ஏறத்தாழ 600 மணி நேரம் ஓடியுள்ள எங்கள் இயந்திரத்தை அந்த அளவுகோலை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன். இந்த அளவில் பல நிறுவனங்கள் செய்யும் இயந்திரங்கள் அமைப்பில் ஒன்றையொன்று ஒத்தவை என்பதால், நான் சொல்வதில் பெரும்பகுதி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

எங்களுடையது வண்டியின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லும் வகை; 25 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்; வெட்டும் பகுதி தட்டு வடிவிலானது. சிப்பர்களில் தட்டு, உருளை என இரு முக்கிய வகைகள் உண்டு. கனமான வட்டத் தட்டின் முகத்தில் கத்திகளைப் பொருத்தியிருப்பது முதல் வகை. சுழலும் உருளையின் மேற்பரப்பில் அவற்றைப் பொருத்தியிருப்பது இரண்டாவது. தட்டு வகையில் அந்த எடையே விசைச் சக்கரமாகவும் பயன்படுவதால், சற்றுத் தடித்த கட்டை வந்தாலும் சுழற்சி உடனே தளர்வதில்லை. சீவல்களும் ஓரளவு ஒரே அளவாக விழுகின்றன. உருளை வகையோ தழையையும் கொப்பையும் இன்னும் ஆவேசமாக உள்ளே இழுக்கும். 25 குதிரைத்திறன் ஏன் இந்த அளவு இயந்திரங்களில் அடிக்கடி காணப்படுகிறது என்று நான் வியந்ததுண்டு. ஐரோப்பியப் புகை விதிகளில் 19 கிலோவாட் ஓர் எல்லைக்கோடு. அதற்குச் சற்றுக் கீழே நிற்கும் 25 குதிரைத்திறன் எஞ்சினுக்குக் கரித்துகள் வடிகட்டி தேவைப்படுவதில்லை. வடிகட்டியின் தொல்லை இல்லாமல் போவது நல்லதுதான். ஆனால் அதற்கு விலையாகக் கையிருப்பு வலு குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்டும் பொறுப்பு முழுவதும் கிளையை உள்ளே இழுக்கும் ஊட்டு உருளைகளின் மேல் விழுகிறது.

அந்த உருளைகள்தான் இந்த இயந்திரத்தின் பெருமையும் குறையும். ஹைட்ராலிக் விசையில் இயங்கும் இரண்டு பல் உருளைகள் கிளையைக் கவ்வி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மீட்டர் வேகத்தில், அதாவது ஒரு நொடிக்கு அரை மீட்டர் வீதம், உள்ளே இழுக்கின்றன. எஞ்சின் சுழற்சி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கட்டுப்பாட்டுப் பெட்டி உருளைகளை நிறுத்திவிட்டு, சுழற்சி மீண்டதும் தானே மறுபடி ஓடவிடுகிறது. இந்த ஏற்பாடு எங்கள் இயந்திரத்தில் அலுப்பில்லாமல் வேலை செய்கிறது. 600 மணி நேரத்தில் கட்டை நெரித்து எஞ்சின் முழுதாக நின்றுபோனது இரண்டே முறைதான், அந்த இரண்டும் கத்தி மழுங்கியிருந்த நாள்களில். அதே வேளையில் மேல் உருளையை அழுத்திப் பிடிப்பது வில் சுருள் மட்டுமே. அதை ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கும் வசதி இதில் இல்லை. விரிந்த கவை வந்தால் மேல் உருளை அதன் மேல் ஏற மறுத்து, பட்டையை மட்டும் பிறாண்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.

இதை நான் வசதிக் குறைவாக மட்டும் பார்க்கவில்லை. கிளை நின்றுவிட்டால் தொழிலாளியின் கை தானாக அதை நோக்கிப் போகிறது. காலால் உதைக்கத் தோன்றுகிறது. வாய்க்குள் குனிந்து பார்க்கத் தோன்றுகிறது. எத்தனை முறை எச்சரித்தாலும் பிற்பகல் 3 மணிக்குக் களைத்துப்போன மனிதர் செய்யக்கூடிய செயல் அது. நன்றாக இழுக்கும் உருளையே, என் கணக்கில், இயந்திரத்தின் முதல் பாதுகாப்புக் கருவி. எச்சரிக்கை வில்லைகளெல்லாம் அதற்கு அடுத்தவை. இந்தக் குறைக்கு நாங்கள் கண்ட மாற்று, கவைகளை ரம்பத்தால் தரையிலேயே பிளந்துவிட்டு அடிப்பக்கத்தை முதலில் ஊட்டுவதும், துண்டுக் கட்டைகளை அடுத்த நீளக் கிளையால் தள்ளிவிடுவதும்தான். வேலை பாதுகாப்பாக நடக்கிறது. ஆனால் ரம்பம் பிடிக்க ஓர் ஆள் கூடுதலாக நிற்க வேண்டியிருப்பதால், 6 அங்குலம் என்று விளம்பரத்தில் படித்தது நடைமுறையில் 4 அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது.

ஊட்டுவாயின் கீழ் விளிம்பிலும் இரு பக்கங்களிலும் ஒரே வளைவாக ஓடும் சிவப்பு நிறத் தடுப்புக் கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் அதன் மேல் சாய்ந்தால் உருளைகள் நின்றுவிடும். கம்பி தொடையின் உயரத்தில் சரியாக அமைந்திருக்கிறது; அழுத்தம் பட்டவுடன் தயங்காமல் நிறுத்துகிறது; மறுபடி ஓட்டப் பொத்தானைத் தனியே அழுத்த வேண்டியிருப்பதும் நல்ல ஏற்பாடு. தழை அடர்ந்த கிளை ஊசலாடி இடித்தாலும் அது நின்றுவிடுவதால், முதல் வாரத்தில் எங்கள் ஆட்கள் சலித்துக்கொண்டார்கள். பழுது பார்க்க வந்த ஒருவர் இணைப்பைக் கழற்றிவிடலாம் என்று மிகச் சாதாரணமாக யோசனை சொன்னார். அவரை மறுமுறை அழைக்கவில்லை. பிறகுதான் கம்பியின் உணர்திறனை மாற்றும் இரண்டு நிலைகள் இருப்பதைக் கையேட்டின் உட்பக்கமொன்றில் கண்டுபிடித்தோம். இவ்வளவு தேவையான செய்தியை அங்கே ஒளித்து வைத்தவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கம்பி நிறுத்துவது உருளைகளை மட்டுமே என்பதைப் புதிதாகச் சேர்பவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சினை அணைத்த பின்னும் தட்டு தன் எடையின் வேகத்திலேயே ஒரு நிமிடத்துக்கு மேல் சுழல்கிறது. மேலும், மரம் ஏறுபவரின் கயிறு கிளையோடு சிக்கி உள்ளே போனால், அதை இழுத்துப் பிடிக்க எந்த மனிதருக்கும் நேரம் கிடைக்காது. இயந்திரத்தை நிறுத்துமிடத்தைக் கயிறுகள் விழும் இடத்திலிருந்து தள்ளியே தேர்வு செய்கிறோம். அகன்ற மணிக்கட்டுப் பட்டை கொண்ட கையுறையை ஊட்டுபவர் அணிவதில்லை.

கத்திகளைப் பொறுத்தவரை எனக்கு முழு மனநிறைவு. தட்டில் இரண்டு கத்திகள். இரு பக்கமும் கூர் உள்ளதால் ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடலாம். மேல் மூடி ஒரே பூட்டாணியில் திறக்கிறது. தட்டைச் சுழலாமல் பூட்டும் ஊசியும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த ஊசியைப் போடாமல் கத்தியைத் தொடக் கூடாது. எஞ்சின் அணைந்திருந்தாலும் தட்டைக் கையால் லேசாகத் தள்ளினாலே விரலை எடுத்துவிடும் கூர்மை அதற்கு உண்டு. பழகிய பின் இரண்டையும் மாற்ற 40 நிமிடம் போதுமாக இருக்கிறது. சீவல் துண்டு துண்டாக விழாமல் நாராகவும் தூளாகவும் வரத் தொடங்கினால் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகும் ஓட்டினால் டீசலும் பேரிங்கும்தான் தேய்கின்றன. சாணை பிடிக்கும்போது இரண்டு கத்திகளையும் சேர்த்தே அனுப்புகிறோம், ஏனெனில் ஒன்று மட்டும் எடை குறைந்தால் தட்டின் சமநிலை கெட்டு முழு வண்டியும் அதிரும். போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து உரிய அளவுக்கு இறுக்குவதும், கத்திக்கும் அதன் எதிரே அசையாமல் நிற்கும் நிலைக்கத்திக்கும் உள்ள இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி சரிபார்ப்பதும் தவிர்க்க முடியாதவை. அந்த அளவுகள் மூடியின் உட்புறத்தில் ஒரு காகித வில்லையாக ஒட்டப்பட்டிருந்தன. மூன்றே மாதத்தில் மரச்சாறு பட்டு அழிந்துவிட்டன. தகட்டில் பொறித்திருக்கலாம்.

கத்தியின் உண்மையான எதிரி மரமன்று, மண்ணே. வேரோடு ஒட்டிய கல், மரத்தில் எப்போதோ அடித்த ஆணி, கிளைக்குள் புதைந்த வேலிக் கம்பி ஆகியவற்றில் ஒன்று போனாலும் அன்றைய கூர் அன்றோடு முடிந்தது. தரையில் இழுத்து வந்த கிளைகளையும் கூட்டியள்ளிய குப்பையையும் போடுவதில்லை என்று முடிவெடுத்த பின், ஒரு கூர் நிற்கும் காலம் எங்களுக்குக் கண்கூடாக நீண்டிருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வெளித்தள்ளும் குழாய் எளிதாகத் திரும்புகிறது. மழையில் நனைந்த தழையும் நார் மிகுந்த மட்டையும் அதில் அடைத்துக்கொள்வதுண்டு. இடையிடையே காய்ந்த கட்டை ஒன்றை ஊட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ரேடியேட்டர் வலையில் தூசி படிந்து எஞ்சின் சூடேறுவதால் நாளுக்கு இருமுறை துடைக்கிறோம். இரைச்சல் கடுமையானது. 100 டெசிபலில் ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் வெறும் காதோடு நிற்கக் கூடாது என்று தொழில்சார் நலப் பரிந்துரைகள் கூறுகின்றன. ஊட்டுபவரின் இடத்தில் இரைச்சல் அந்த அளவை எளிதில் தாண்டிவிடுகிறது. காதடைப்பான் அணிந்தவருக்குக் கூப்பிட்டால் கேட்காது என்பதால் கைச்சாடைகளை முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். தனியாக ஒருவர் இதை ஓட்ட நாங்கள் அனுமதிப்பதே இல்லை.

கிளை கழிப்பதையே முதன்மையாகச் செய்யும், மூன்று நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இந்த இயந்திரத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முழு மரங்களை வெட்டி அகற்றுபவர்களும், கவை விரிந்த கடின மரங்களில் நாள் முழுதும் வேலை செய்பவர்களும் மேல் உருளையை ஹைட்ராலிக்கால் தூக்கும் வசதி உள்ளதைத் தேடுவதே நல்லது. விற்பவர் ஓட்டிக் காட்டுவதற்கென்று நேரான கழிகளை அடுக்கி வைத்திருப்பார். அவை இருக்கட்டும், நாம் வெட்டியதிலேயே மிகக் கோணலான கிளை ஒன்றை வண்டியில் ஏற்றிச் சென்று அதை ஊட்டிக் காட்டச் சொல்ல வேண்டும், பிறகு எஞ்சினை அணைத்து, தட்டு நிற்கும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து ஒரு கத்தியைக் கழற்றி மாட்டிக் காட்டவும் சொல்ல வேண்டும்.