லோன் அழைப்புகள்: 1909-ஆ, செயலியா, சைலண்டா?

அம்மாவுக்கு முழங்கால் வலி. சாதாரண பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், அது ஹாலில் சார்ஜரில் கிடக்கும், அவர் அடுப்படியில் இருப்பார். மணி அடித்தால் பேத்திதான் கூப்பிடுகிறாள் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். எடுத்தால், "வணக்கம் மேடம், உங்களுக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் பர்சனல் லோன்..." எனக்கு எதுக்குப்பா லோன் என்று ஆரம்பித்து, அந்தப் பையன் சாப்பிட்டானா என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் வைப்பார். ஒரு நாளைக்கு நாலு தடவை இந்த நடை.

இதற்கு மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன். முதலில் என் போனில், பிறகு அம்மாவுக்காக.

ட்ரூகாலர் மாதிரி செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பாதிப் பேர் போனில் ஏற்கெனவே இருக்கும். யார் கூப்பிடுகிறார்கள் என்று பெயர் காட்டும், தொல்லை எண் என்றால் சிவப்பாக எச்சரிக்கும். என் போனுக்கு அது போதும். ஏர்டெல்லும் 2024 செப்டம்பரில் இருந்து தொல்லை அழைப்பு என்று திரையில் காட்டுகிறது, அதற்குத் தனிச் செயலிகூட வேண்டாம். ஆனால் இவை எல்லாம் மணி அடிக்கும்போதுதான் சொல்கின்றன. அடுப்படியில் இருப்பவருக்கு ஹாலில் திரை சிவப்பானால் என்ன, பச்சையானால் என்ன? நடந்து வந்தது வந்ததுதான். பட்டன் போனில் அந்தச் செயலியைப் போடவும் முடியாது என்பது வேறு கதை.

சரி, தெரியாத எண் எதுவுமே அடிக்காமல் செய்துவிட்டால்? ஐபோனில் அப்படி ஒரு வசதி 2019-லேயே வந்துவிட்டது, ஆண்ட்ராய்டிலும் உண்டு. என் போனில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன், சொர்க்கம். அப்புறம் ஒரு நாள் சிலிண்டர் கொண்டுவந்தவர் டெலிவரி நம்பர் கேட்டு மூன்று முறை கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். தப்பு என்னுடையதுதான், அவர் எண்ணை யார் சேமித்து வைப்பார்கள்! அதே வாரம் அம்மாவின் ரத்தப் பரிசோதனைக்கு ஆள் அனுப்பும்போதும் புது எண்ணில் இருந்துதான் கூப்பிட்டார்கள். வயதானவர் இருக்கும் வீட்டில் அவசரமான அழைப்பு பெரும்பாலும் தெரியாத எண்ணில் இருந்துதான் வருகிறது. அந்த வசதியை அன்றே எடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது 1909, விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்வதற்கும் புகார் கொடுப்பதற்குமான எண். 'ஸ்டார்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு இடம் விட்டு 0 போட்டு அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எல்லா விளம்பரமும் தடை, எந்தப் போனாக இருந்தாலும் சரி. ஓடிபி, வங்கிக் கணக்குச் செய்திகள் எல்லாம் வழக்கம்போல் வரும். பதிவு பெற்ற விற்பனை நிறுவனங்கள் 140-இல் தொடங்கும் எண்ணில் இருந்துதான் கூப்பிட வேண்டும், அவர்களுடைய அழைப்பு நெட்வொர்க்கிலேயே நின்றுவிடும், மணியே அடிக்காது. எனக்கு முக்கியம் அதுதான்.

'போட்டும் வருதே' என்பீர்கள். வரும். பதிவே செய்யாமல் சாதாரணப் பத்து இலக்க எண்ணில் இருந்து கூப்பிடும் கூட்டத்துக்கு இந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை. அங்கேதான் பலரும் 1909-ஐக் கைவிடுகிறார்கள். பதிவு செய்வது பாதி வேலைதான், மீதி புகார். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதியைத் திருத்தியது. முன்பு மூன்று நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், இப்போது ஏழு நாள். முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் சேர்ந்தால்தான் அந்த எண் மேல் நடவடிக்கை, இப்போது பத்து நாளில் ஐந்து போதும். ஆக, உங்களுடையது ஐந்தில் ஒன்று. முதல் முறை மாட்டினால் பதினைந்து நாள் வெளியே கூப்பிட முடியாது, திரும்பவும் மாட்டினால் எல்லா தொலைபேசி நிறுவனங்களிலும் அவருடைய இணைப்புகள் ஓராண்டுக்குப் போய்விடும். நாம் போனிலேயே 'பிளாக்' செய்தால் நமக்கு மட்டும்தான் நிம்மதி, அவர் அடுத்த வீட்டு அம்மாவை நடக்க வைத்துக்கொண்டிருப்பார்.

இந்த ஏழு நாள்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. நான் அம்மா வீட்டுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமைகளில், மூன்று நாள் கணக்கு எங்களுக்கு ஒத்தே வராது. இப்போது அம்மா அன்றன்றைக்கு நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கூப்பிட்ட எண்ணை எழுதி, போனுக்கு அடியில் வைத்துவிடுகிறார். திருப்பினால் தேதி, புகாருக்கு வேண்டியதும் அதுதான். ஞாயிறு மத்தியானம் அவர் போனில் இருந்தே 1909-க்கு ஒவ்வொன்றாக அனுப்புவேன். பட்டன் போனில் தட்டுவது எரிச்சலான வேலை, பொய் சொல்லவில்லை.

மூன்று மாதம் ஆகிறது. 140 அழைப்புகள் அறவே இல்லை. பத்து இலக்கக்காரர்கள் நாளுக்கு நாலில் இருந்து வாரத்துக்கு மூன்று, நான்கு என்று குறைந்திருக்கிறார்கள். அது புகாரால்தானா, இல்லை அம்மா எண் இருந்த பட்டியல் பழசாகிவிட்டதா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

போன வாரத் தாள் ஒன்றில் எண்ணுக்குப் பக்கத்தில், 'நல்ல பையன், இவனை விட்டுவிடு' என்று எழுதியிருந்தார். அதையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.