ரிலே சேவையை யார் நடத்துவது: அமெரிக்க வழியா, ஜப்பான் வழியா, டெண்டரா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காது கேளாத தொழிலாளர்கள் வேலை பார்க்கிறார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்களுக்கு வாட்ஸ்அப் வீடியோ கால் போதும். எதிர்முனையில் சைகை தெரியாதவர் இருந்தால்தான் சிக்கல்: வங்கி, கேஸ் ஏஜென்சி, வீட்டு ஓனர், பிள்ளையின் பள்ளி. அப்போது அக்காவோ பக்கத்து வீட்டுப் பையனோ நடுவில் நின்று பேச வேண்டியிருக்கிறது. கடன் பாக்கி எவ்வளவு, மூலத்துக்கு எந்த டாக்டர் என்பதெல்லாம் அவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

அந்த நடு ஆளின் வேலையைத் தொழிலாகச் செய்வதுதான் ரிலே சேவை. காது கேளாதவர் வீடியோவில் சைகை காட்டுவார், இல்லை தட்டச்சு செய்வார். மொழிபெயர்ப்பாளர் அதை எதிர்முனைக்குக் குரலில் சொல்லி, பதிலைத் திருப்பித் தருவார். இதை நடத்த யாருக்கு அனுமதி தருவது, காசு எங்கிருந்து வருவது, ஒழுங்காக நடக்கிறதா என்று யார் பார்ப்பது? உலகத்தில் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலில் அமெரிக்கா. 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்தப் பொறுப்பைத் தொலைபேசி நிறுவனங்களின் தலையில் கட்டியது. 1993 ஜூலை முதல் நாடு முழுக்க ரிலே கட்டாயமானது. பின்னால் வந்த வீடியோ ரிலேயில் பல கம்பெனிகள் போட்டி போடுகின்றன. எஃப்.சி.சி. என்ற ஒழுங்குமுறை ஆணையம் சான்றிதழ் தருகிறது. பேசிய நிமிடத்துக்கு இவ்வளவு என்று பொது நிதியிலிருந்து கம்பெனிக்குப் பணம் போகிறது. ஒரு கம்பெனி பிடிக்கவில்லை என்றால் அதே எண்ணோடு இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். பயன்படுத்துபவருக்கு இது பெரிய பலம்.

ஆனால் நிமிடத்துக்குக் காசு என்றால் நிமிடத்தை உற்பத்தி செய்ய ஆள் கிளம்பாமல் இருப்பார்களா? நிமிடத்துக்கு 6 டாலருக்கு மேல் கிடைத்த காலம் அது. கூலி கொடுத்து வெட்டியாக அழைக்க வைத்து பில் போட்டார்கள். 2009 நவம்பரில் 26 பேர் மீது வழக்குப் பாய்ந்தது. சான்றிதழே இல்லாத கம்பெனிகள், சான்றிதழ் உள்ளவர்களின் பெயரில் பில் அனுப்ப அப்போது வழி இருந்தது. எக்ஸ்போர்ட் ஆர்டர் ஒருவர் பெயரில் இருக்க, தைப்பது எங்கோ ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் நடக்கிற மாதிரிதான். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011-ல் விதிகளை இறுக்கினார்கள். ஒவ்வொரு கம்பெனியும் எஃப்.சி.சி.யிடம் நேராகச் சான்றிதழ் வாங்க வேண்டும், சொந்த மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளரின் சம்பளத்தை நிமிடக் கணக்கோடு முடிச்சுப் போடக் கூடாது. மையத்துக்கு நேரில் வந்து பார்க்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு.

பணம் தரும் முறையை விட, அந்தச் சான்றிதழோடு வரும் நிபந்தனைகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. சொன்னதைச் சொன்னபடியே சொல்ல வேண்டும். அழைப்பு முடிந்த பிறகு பேச்சின் எந்தப் பதிவையும் வைத்திருக்கக் கூடாது. வந்த அழைப்பை மறுக்கக் கூடாது. வீடியோ அழைப்புகளில் 80 சதவீதத்தை 120 விநாடிக்குள் எடுத்தாக வேண்டும்.

ஜப்பான் வேறு மாதிரி. 2020-ல் சட்டம் போட்டு, 2021 ஜூலையில் சேவையைத் தொடங்கினார்கள். அரசு நியமித்த ஒரே அறக்கட்டளைதான் நடத்துகிறது. 24 மணி நேரமும் உண்டு. செலவு நாட்டில் உள்ள எல்லாத் தொலைபேசி எண்களின் மேலும் சில்லறையாகப் பரவுகிறது. கனடாவில் 2016-ல் தொடங்கிய வீடியோ ரிலேயை அதற்கென்றே உள்ள தனி நிர்வாக அமைப்பு நடத்துகிறது. ஆங்கிலத்துக்கு ஒரு சைகை மொழி, பிரெஞ்சுக்கு இன்னொன்று, இரண்டும் ஒரே கூரையின் கீழ். ஆண்டுக்கு 3 கோடி டாலர் உச்சவரம்பு வைத்துத் தொடங்கினார்கள். போலி பில்லுக்கு இங்கே இடம் குறைவு. சேவை மோசமானால் வேறு கதவு இல்லை என்பதுதான் குறை.

மூன்றாவது, டெண்டர் விட்டு ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் தரும் வழி. அதன் ஆபத்தைக் காட்ட ஆஸ்திரேலியா ஒன்றே போதும். ஒப்பந்தம் வேறு கைக்கு மாறிய 2020 தொடக்கத்தில், எதிர்முனைப் பேச்சை எழுத்தாகக் காட்டும் கேப்டெல் போன் சேவை நின்றுபோனது. அதற்குப் பழகியிருந்த வயதானவர்கள்தான் அல்லாடினார்கள். நம் ஊர் டெண்டர் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

நமக்கு எது? என் ஓட்டு ஜப்பான், கனடா வழிக்கு. ஆனால் மேலே சொன்ன அமெரிக்க நிபந்தனைகள் ஒன்று விடாமல் வேண்டும். காசுக்குப் புதிய நிதி தேட வேண்டியதில்லை. தொலைபேசி நிறுவனங்கள் ஏற்கெனவே தங்கள் சரிசெய்யப்பட்ட வருவாயில் 5 சதவீதத்தை, எல்லோருக்கும் தொலைத்தொடர்பு கிடைக்கச் செய்வதற்கான டிஜிட்டல் பாரத் நிதிக்குக் கட்டுகின்றன. மொழிபெயர்ப்பாளர்களைப் பதிவு செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சில் இருக்கிறது. நிபந்தனைகள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளில் ஒரு பகுதி கட்டாயமாக இருந்தே தீர வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் டெல்லியில் ஒரே மையம் வைத்தால் கொங்கு நாட்டுக்கு உதவாது. சைகை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். குரல் பக்கமோ இன்னும் கஷ்டம். பெருந்துறை மஞ்சள் வியாபாரி குவிண்டால் விலையைச் சொல்லும் வேகமும், பொள்ளாச்சித் தோட்டத்துக்காரர் பேச்சும் சென்னைத் தமிழருக்கே ஒரு கணம் பிடிபடாது. மொழிபெயர்ப்பாளர் தேர்வில் இந்த மாதிரிப் பேச்சைக் கேட்க வைத்துச் சோதிக்க வேண்டும்; மதிப்பெண் போடுவது காது கேளாதவர்களாக இருக்கட்டும். அப்புறம், கோவையிலேயே மையம் வைத்தால் இன்னொரு தொல்லை வரும். காது கேளாதோர் வட்டம் சின்னது, திரையில் தெரியும் முகம் தெரிந்த முகமாக இருக்கலாம். காரணம் சொல்லாமலே வேறு ஆள் கேட்கும் உரிமையைச் சான்றிதழில் எழுதிவிட்டால் சரியாகிவிடும்.

அவசர அழைப்பை மட்டும் இதோடு கலக்கக் கூடாது. பிரிட்டனில் 2022 ஜூன் முதல் 999-க்கென்றே தனிச் சைகை வீடியோ சேவை இலவசமாக ஓடுகிறது. அவிநாசி ரோட்டில் விபத்து என்றால் 120 விநாடிக் கணக்கெல்லாம் எடுபடாது. 112-க்கான வீடியோ அழைப்புக்குத் தனி வரிசை, தனி ஆட்கள் வேண்டும். செலவுக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கக் கூடாது.