பூட்டிய அலமாரியா, பட அட்டையா?

அறிவுசார் குறைபாடுள்ள பதின்வயதுப் பிள்ளைக்கு எடை ஏறத் தொடங்கியதும் பல வீடுகளில் தின்பண்ட அலமாரிக்குப் பூட்டு வந்துவிடுகிறது. பலன் உடனே தெரியும், மறுக்கவில்லை. ஆனால் சாவி கைக்குக் கிடைத்த அன்றோ, உறவினர் வீட்டுக்குப் போன அன்றோ அந்தக் கட்டுப்பாடு முடிந்துபோகிறது.

பட அட்டை மெதுவான வழி. ஆப்பிள் படம் ஒன்று, வாழைப்பழப் படம் ஒன்று. இரண்டையும் மேசையில் வைத்து, "எது வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரல் ஓர் அட்டையை நோக்கிப் போகும், பின்வாங்கும், மறுபடி போகும். அரை நிமிடம்கூட ஆகலாம். பொறுக்காமல் நாமே ஒன்றை எடுத்து நீட்டிவிட்டால் அத்தனையும் வீண். அந்த அரை நிமிடத்தில்தான் பிள்ளை முடிவெடுக்கப் பழகுகிறது. என் ஓட்டு இதற்கே.

விதிவிலக்கு உண்டு. 15ஆம் குரோமோசோமில் ஏற்படும் மாற்றத்தால் வரும் பிராடர்-வில்லி குறைபாட்டில், சாப்பிட்ட பிறகும் பசி அடங்குவதில்லை. அங்கே பூட்டும் நேரம் தவறாத சாப்பாடும் பிள்ளைக்கே நிம்மதி. நடத்தைச் சிக்கல்களுக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளும் பசியைக் கூட்டக்கூடியவை. விவரம் தெரியாமல் பிள்ளையை ஏசுவது பெரும் அநியாயம். மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் பேசுங்கள்.

உடற்பயிற்சியில் போட்டி, இப்பிள்ளைகளுக்கு மட்டுமான தனி வகுப்புக்கும் எல்லாரும் சேர்ந்த கலப்புக் குழுவுக்கும். 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020இல் வந்த வழிகாட்டுதல் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தே இதைச் சொல்கிறது. தனி வகுப்பில் பாதுகாப்பு கூடுதல். டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கும். பிறவி இதயக் கோளாறும் பலருக்கு உண்டு. குட்டிக்கரணம் போடவைக்கும் முன் டாக்டரைக் கேட்பது கட்டாயம்.

ஆனாலும் மாதக்கணக்கில் தொடர வைப்பது கலப்புக் குழுதான் என்று நினைக்கிறேன். 1968இல் ஷிகாகோவில் முதல் போட்டிகளை நடத்திய, அறிவுசார் குறைபாடுள்ளோருக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், குறைபாடு உள்ளோரையும் இல்லாதோரையும் ஒரே அணியில் ஆடவைக்கும் முறையையும் பின்னாளில் கொண்டுவந்தது. பயிற்சியாளரின் விசிலைவிட, "நாளைக்கு வருவாய்தானே?" என்று சக வயதுப் பிள்ளை ஒன்று கேட்பதற்கு வலு அதிகம்.

பரிசாக மிட்டாயா, ஸ்டிக்கரா? ஓடி முடித்ததும் மிட்டாய் கொடுத்தால் ஓட்டத்தின் பலனைப் பாதியில் கெடுக்கிறோம். பிடித்த பாட்டு ஒன்றைப் போடுங்கள்; பல பிள்ளைகள் அதற்கு இன்னும் ஐந்து நிமிடம் ஆடுவார்கள்.