கறிவேப்பிலைத் திரியும் ஆண்டுக் கணக்கும்: ஒரு சிறு இணைய மன்றத்தில் நெடுங்கால உறுப்பினரின் அனுபவம்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு நடைவழியில் தொட்டிச் செடி வளர்க்கும் தமிழர்களுக்காகச் சிங்கப்பூரில் சிலர் சேர்ந்து நடத்தும் இணைய மன்றம் ஒன்றில் 2009 முதல் உறுப்பினராக இருக்கிறேன். இத்தகைய சிறு மன்றம் நமக்கு என்ன தருகிறது, அதை நிறுத்தாமல் நடத்த என்ன செலவாகிறது என்று புதிய உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரே தலைப்பில் தொடரும் உரையாடலைத் திரி என்கிறோம். எங்கள் மன்றத்தில் கறிவேப்பிலைக்கு ஒரே திரிதான். தொடங்கிய நாள் முதல் அதே திரி நீண்டுகொண்டே போகிறது. எலுமிச்சையில் முட்டையிடும் பட்டாம்பூச்சியே கறிவேப்பிலையையும் தேடி வருகிறது, இலைகளை மொட்டையடிப்பது அதன் புழுதான் என்பதை அங்கே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆண்டிறுதி மழையில் வேர் அழுகாதிருக்க மண்கலவையில் எவ்வளவு மணல் சேர்க்கலாம், மேற்கு வெயில் மட்டுமே படும் நடைவழியில் கன்றை எங்கே வைப்பது, தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழி விட்டுத் தொட்டிகளை எப்படி அடுக்குவது, எல்லாம் அந்தத் திரியில் இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவிலும் இதே கேள்விகள் வருகின்றன. நல்ல பதில்களும் வருகின்றன. ஆனால் மறுவாரம் அந்தப் பதிலைத் தேடினால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும். மூன்று ஆண்டுக்கு முன் ஒருவர் பட்டறிந்து எழுதியது, இன்று முதல் கன்று வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும். மன்றத்தில் அது கிடைக்கிறது.

2020இல் கொவிட்-19 காரணமாக ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை வீட்டோடு அடங்கியிருந்தபோது புதியவர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். அதே ஆண்டில் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்கள் வழங்கும் திட்டத்தையும் தொடங்கியது. மன்றம் அவ்வளவு கலகலப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

இனிப் பணம். மென்பொருளுக்குச் செலவில்லை, மன்றம் ஓடும் பிஎச்பிபிபி கட்டற்ற மென்பொருள். சர்வர் வாடகை, டொமைன் பெயர் (தளத்தின் இணைய முகவரி), மின்னஞ்சல் அனுப்பும் சேவை, வேறொரு நாட்டில் வைத்திருக்கும் காப்புப்படி, எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஐந்நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்தும் இடத்துக்கு இது பெரிய தொகையே இல்லை. ஆனால் பல ஆண்டுகள் அந்தத் தொகை முழுவதும் ஒரே ஆளின் கடன் அட்டையில் ஏறியது. அவர் வேலை நிமித்தம் வெளிநாடு போனார், அட்டை காலாவதியானது, டொமைன் புதுப்பிக்கப்படவில்லை. சில நாள் மன்றம் காணாமல் போயிற்று. பணம் இல்லாமல் அது மூடவில்லை. பணம் தர அத்தனை பேர் காத்திருந்தும், யாரிடம் கொடுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இலவசத்தை நம்பியதற்கும் விலை கொடுத்திருக்கிறோம். படங்களை எல்லாரும் ஓர் இலவசச் சேமிப்புத் தளத்தில் ஏற்றி, மன்றத்தில் இணைப்பு மட்டும் கொடுத்துவந்தோம். 2017இல் அந்தத் தளம், வெளித்தளங்களில் படம் தெரிய ஆண்டுக்கு ஏறத்தாழ 400 அமெரிக்க டாலர் கேட்டது. நோய் கண்ட இலைகளின் படங்கள் ஒரே நாளில் மறைந்தன. “படத்தில் உள்ளதுபோல் புள்ளி இருந்தால்” என்ற வரி இருக்கிறது, படம் இல்லை. அந்த இழப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை. இப்போது படங்கள் எங்கள் சர்வரிலேயே இருக்கின்றன. அதற்கான கூடுதல் வாடகையை நான் மனமாரத் தருகிறேன்.

விளம்பரமும் போட்டுப் பார்த்தார்கள். எங்கள் அளவு வாசகர் கூட்டத்துக்கு வந்தது சொற்பம். பக்கம் திறக்க நேரமானதுதான் மிச்சம். எடுத்துவிட்டார்கள், நல்லது.

உறுப்பினர் கட்டணம் வைக்கலாமா என்ற விவாதம்தான் நீண்டது. அமெரிக்காவின் மெட்டாஃபில்டர் என்ற இணைய மன்றம் 1999 முதல் நடக்கிறது. அங்கே சேர ஒருமுறை 5 டாலர் கட்ட வேண்டும். எரிதம் (வேண்டாத விளம்பரச் செய்திகள்) அனுப்புவோரை அதுவே பெருமளவு தடுக்கிறது. 2012இல் கூகல் தேடல் வழி வரும் வாசகர்கள் சரிந்து விளம்பர வருவாய் குறைந்தது. 2014இல் அங்கே ஆட்குறைப்பு செய்ய நேர்ந்தபோது, உறுப்பினர்களின் நன்கொடைதான் தாங்கிப் பிடித்தது. ஆகவே கட்டணம் கேட்டவர்களிடம் நியாயம் இருந்தது. நான் எதிர்த்தேன். எங்கள் மன்றத்தில் மண்ணைப் பற்றி நன்றாக எழுதுபவர்களில் சிலர், விடுதிகளில் தங்கிக் கட்டுமான வேலை செய்யும் தோழர்கள். ஊரில் வயல் பார்த்தவர்கள். இரவு வேலை முடிந்து, கைப்பேசியில் தட்டி, நான்கு வரியில் பதில் சொல்வார்கள். அந்த நான்கு வரிக்கு வாசலில் காசு கேட்பது எனக்கு ஒப்பவில்லை. அவர்களுக்கு மட்டும் விலக்கு என்று எழுதி வைப்பது அதைவிட மோசம். தன்மானம் உள்ளவர் அந்த வாசல் வழியே வரமாட்டார்.

முடிவில் ஏற்றது இது: கட்டணம் இல்லை. ஜனவரியில் கடந்த ஆண்டின் வரவுசெலவை ஒரு திரியில் வைப்பார்கள்; இந்த ஆண்டுக்குத் தேவையானதையும் சொல்வார்கள். கொடுக்க விரும்புவோர் வங்கிகளின் பேநவ் பணப் பரிமாற்றச் சேவை வழி அனுப்பலாம். திரியில் தொகை வரும், பெயர் வராது. கொடுத்தவருக்குப் பட்டம் இல்லை, கொடுக்காதவருக்குக் குறைவும் இல்லை. இலக்கு எட்டியதும் வசூல் நிற்கும். ஓராண்டுச் செலவு எப்போதும் கையிருப்பில் இருக்கும். கடவுச்சொற்கள் மூவரிடம். இந்த ஏற்பாட்டுக்குப் பின் ஒருமுறைகூட வசூல் பிப்ரவரியைத் தாண்டவில்லை.

கணக்கில் ஏறாத செலவு உழைப்பு. ஒருமுறை சர்வர் மாற்றியபோது தமிழ் முழுவதும் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகிவிட்டது. யுனிகோடு தமிழ், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு பிடிக்கும். பழைய தரவுத்தளம் அதை லத்தீன் எழுத்து என்று குறித்து வைத்திருந்ததால், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகத் தெரிந்தது. மன்றத்தைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் எங்கள் மட்டுறுத்துநர் தீபாவளி விடுமுறையை அதற்கே செலவிட்டு மீட்டார். அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகப் பக்கங்களை அள்ளுவதால், அவற்றைத் தடுக்கும் வேலையும் அவர் தலையில். அவருக்குச் சிறு மதிப்பூதியம் தர வேண்டும் என்று ஆண்டுதோறும் எழுதுகிறேன். ஆண்டுதோறும் அவர் மறுக்கிறார். இதில் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவருக்குப் பின் வருபவரும் சம்பளமின்றி உழைப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

மின்னஞ்சல் வழிப் பலர் கூடிப் பேசிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. அதற்கு முன்பே அங்கிருந்த பழைய உரையாடல்கள் நீக்கப்பட்டன; உரிய நேரத்தில் எடுத்து வைக்காதவர்கள் அவற்றை இழந்தார்கள். தேசிய நூலக வாரியம் 2019 முதல் சிங்கப்பூர் டொமைனில் (.sg என முடியும் முகவரியில்) உள்ள தளங்களைத் தனித்தனியே அனுமதி கேட்காமலே இணையக் காப்பகத்தில் சேர்க்க முடிகிறது. எங்கள் முகவரி அந்த வகையில் இல்லை. சிங்கப்பூர் டொமைனுக்கு மாறலாமா என்ற வாக்கெடுப்பு இப்போது நடக்கிறது. ஆண்டுச் செலவு கொஞ்சம் கூடும். நான் ஆதரித்து வாக்களித்திருக்கிறேன். இன்னும் வாக்களிக்காத உறுப்பினர்கள் மாதக் கடைசிக்குள் போட்டுவிடுங்கள்.